நாற்பதில் ஒருத்தி

பிளாண்டயர்
8 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணா,

நான் இங்கே நலம். நீங்கள் எல்லோரும் எப்படியோ? சின்னவனின் இருமல் நின்றதா? ஏரியில் காற்று அடங்கியதா, இன்னும் கப்பலைக் கரைக்கு விடாமல் அடிக்கிறதா?

எனக்குத் தலைக்கு மேல் வேலை. நாட்டில் ஒரு வருடத்தில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது, எத்தனை பேர் அதில் சாகிறார்கள் என்று முதல்முறையாக எல்லா மாவட்டத்தையும் சேர்த்து அறிக்கை வரப்போகிறது. பதிவகத்தில் வெறுமனே பெயர் பதிந்துகொண்டிருந்த என்னிடம் ‘பிழைத்தவர்கள்’ பகுதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் டாக்டர் சிங்கோட்டா. ஆஸ்பத்திரியை விட்டு ஊருக்குப் போனவர் இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வோர் ஊர்த்தலைவருக்கும் அட்டை போட்டோம்: ‘இன்னார் இப்போது எப்படி இருக்கிறார்?’

பதில்கள் வந்துவிட்டன, அண்ணா. நீ நம்பமாட்டாய். சாப்பாட்டைத் தொண்டைக்குக் கீழே இறங்கவிடாத அந்த உணவுக்குழாய்ப் புற்று இருக்கிறதே, வெளிநாட்டில்கூட அது வந்தால் வருடம் தாண்டுகிறவர் குறைவு. நம்மிடமோ நூற்றுக்கு நாற்பது பேர், வைத்தியம் ஒன்றும் இல்லாமலே, வருடம் கழித்தும் நலம்! டாக்டர் மேசையைத் தட்டினார். “தவோங்கா, நம்ம சனங்க இரும்பும்மா! வெள்ளைக்காரன் வந்து நம்மகிட்ட பாடம் படிக்கணும்!” என்றார். “எல்லாம் கொண்டோவோலே செய்யுற வேலை சார்” என்றேன். “உங்க ஏரிக்கரை ஆளுங்களுக்கு அந்த மரவள்ளிக் களியை விட்டா வேற பெருமையே கிடையாதா?” என்று சிரித்தார்.

இன்னொன்று. உன் கடிதத்தின் அடியில் அண்ணி கிறுக்குவாரே, போன தடவை அதைக் காணோம். நான் முதலில் படிப்பது அதைத்தான். என் மேல் கோபமா?

எல்லோருக்கும் என் கைகுவிப்பு.
தவோங்கா

*

நிகாட்டா பே
27 பிப்ரவரி

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலமே, நீ எப்படியோ? சின்னவன் இருமலை விட்டுவிட்டான், இப்போது சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டு எங்கள் உயிரை வாங்குகிறான்.

உன் நாற்பதைப் படித்து மகிழ்ந்தேன். ‘என் தங்கச்சிதான் நாட்டுக்கே கணக்குப்பிள்ளை’ என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். தலைமையாசிரியை, “அவளாவது கணக்கு கத்துக்கிட்டாளே, இங்க நீங்க வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்குற லட்சணத்துக்கு!” என்றார். நமக்கு மரியாதை அவ்வளவுதான்.

அண்ணிக்குக் கோபமெல்லாம் இல்லை. மரவள்ளி ஊறப்போடுவது, இடிப்பது, சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் கடிதம் எழுதி முடிப்பதற்குள் தபால்காரன் வந்து நின்றுவிடுகிறான்.

நீ அந்த வேலையில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். இங்கே ஓர் ஆசிரியரின் மனைவிக்கு இரண்டு மாதமாகக் கவளம் மார்பில் நின்று நின்று இறங்குகிறது. தண்ணீர் குடித்துத் தள்ளவேண்டியிருக்கிறது. நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பார்த்தவர் பிளாண்டயருக்குப் போகச் சொல்கிறார். அப்படிப்பட்டவரும் உன் நாற்பதில் சேர்த்திதானா? அவர்கள் வீட்டில் பயந்துபோயிருக்கிறார்கள்.

வெளியே மழை. சூடாகச் சோளக்கஞ்சி காத்திருக்கிறது. போகிறேன்.
உன் அண்ணன் சியுகெப்போ

*

பிளாண்டயர்
15 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நான் நலம், அங்கே எப்படியோ? இங்கே மழைக்குப் பேருந்து நிலையமே குளமாகிவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறேன்.

அந்த ஆசிரியர் வீட்டில் சொல், அரண்டுபோக வேண்டாம். நூற்றுக்கு நாற்பது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இங்கே வந்தால் டாக்டர்கள் குழாய் வைத்துச் சாப்பாடு இறங்க வழி செய்வார்கள். கிளம்பும்போது எனக்கு ஒரு வார்த்தை எழுதினால் நானே கப்பல் துறை வரை வந்து கூட்டிப்போகிறேன். உன் சக ஆசிரியர் என்றால் எனக்கும் உறவுதான்.

அண்ணிக்கு இடுப்பில் சுற்றிக்கட்ட ஒரு சித்தேன்ஜே துணி அனுப்பியிருக்கிறேன். மஞ்சளில் கறுப்புக் கோழி போட்டது. “இந்த வயசுல எனக்குக் கோழியா?” என்று திட்டுவார். திட்டி எழுதட்டும் என்றுதான் அதை வாங்கினேன்.

அறிக்கை ஜூலையில் அச்சுக்குப் போகிறது. என் பெயரும் அதில் வருமாம். அடக்கமாக இருக்க முயல்கிறேன், முடியவில்லை.
தவோங்கா

*

நிகாட்டா பே
2 மே

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலமே, நீ எப்படியோ? பதில் தாமதம். தேர்வுத்தாள், கூரை ஒழுகல், அது இது என்று நாள் போய்விட்டது.

துணி வந்தது. அண்ணி கட்டிப் பார்த்தாள். அழகாக இருந்தது. உலக்கை பட்டு விரல் வீங்கியிருப்பதால் அவளால் பேனா பிடிக்க முடியவில்லை.

அந்த வீட்டில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ‘நாற்பது’ என்றதும் அவர்களுக்குப் போன உயிர் திரும்பியது. அந்த அம்மா, “நாப்பது பேரு வைத்தியம் இல்லாமலே வீட்டுல உக்காந்து பிழைச்சிருக்காங்கன்னா, நான் அந்த நாப்பதுல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன். எதுக்கு முன்னபின்ன தெரியாத ஊர்ல போயி வாயைப் பொளந்து காட்டணும்?” என்கிறார். மரவள்ளி அறுவடை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. நாட்டுக் கணக்கு பொய் சொல்லுமா?

உங்கள் ஆபீஸ் அட்டைகள் நம் ஊர்த்தலைவருக்கும் வந்தன. அவருக்கு எழுத்து வராது. எழுதிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? சொந்த அண்ணன் கையெழுத்தைக்கூட உன்னால் கண்டுபிடிக்க முடியவில்லையே, நீயெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளை!

இந்த வருடம் ஊசிப்பா மீன் ஏராளம். காயவைத்து, இடித்துத் தூளாக்கி, பூசணி மசியலில் கலந்து சாப்பிடுகிறோம். உனக்கும் ஒரு பை அனுப்புகிறேன்.
சியுகெப்போ

*

பிளாண்டயர்
20 மே

அண்ணா,

நான் நலமில்லை. நீங்கள் எப்படி என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்து நேற்றும் இன்றும் படித்தேன். பிப்ரவரியில் கஞ்சி. மே மாதம் மீன்தூளும் மசியலும். மழைக்குக் கஞ்சி குடித்தோம் என்று வேறு யாரிடமாவது போய்ச் சொல். “கொண்டோவோலே திங்காத நாள் பட்டினி கிடந்த நாள்” என்று, வயிறு முட்டச் சாப்பிட்ட விருந்தாளியைக்கூட மறுபடி உட்காரவைக்கிற வீடு அது. காய்ந்த ஊசிப்பாவைத் தலையோடு கடித்துத் தின்கிற அண்ணிக்கு எதற்கு மீன்தூள்?

உன் பள்ளிக்கூடத்தில் உன்னைத் தவிர இருப்பது விதவையான தலைமையாசிரியையும் கல்யாணமாகாத ஓர் இளைஞனும். எந்த ஆசிரியரின் மனைவி, அண்ணா? விரல் வீங்கினால் இடது கையால் கிறுக்குகிற ஆள் அண்ணி. கோழித் துணிக்குத் திட்டாமல் இருந்தார் என்றால் எனக்கு ரத்தம் உறைகிறது.

ஆம், இல்லை. ஒரே வார்த்தையில் பதில் போடு.

அடுத்தது அந்த அட்டைகள். வடக்கு மாவட்டத்தை வேறொரு பெண் பார்த்தாள், அதனால் உன் கையெழுத்து என் கண்ணில் படவில்லை. இன்று எடுத்துப் பார்த்தேன். ‘படகு கட்டும் லாங்வெல், நலம்’ என்று உன் எழுத்தில் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: ‘லாங்வெலின் படகை இப்போது அவர் மகன் ஓட்டுகிறான்.’ உயிரோடு இருக்கும்வரை அந்த மனிதர் தன் படகை யாரையாவது தொட விடுவாரா?

என்ன செய்து வைத்திருக்கிறாய், அண்ணா?
தவோங்கா

*

நிகாட்டா பே
4 ஜூன்

தவோங்கா,

ஆம். உன் அண்ணிதான்.

எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். “அவ மருந்துக்காரி கூட்டத்துல இருக்கா, கேட்டா ஓடிவந்து தூக்கிட்டுப் போயிடுவா” என்றாள். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்கும் அந்த நாற்பது வேண்டியிருந்தது.

அட்டைகளைப் பற்றிக் கேட்கிறாய். சாவை யாரம்மா கடுதாசியில் எழுதுவார்கள்? நம் அப்பா போனபோது உனக்கு என்ன எழுதினேன்? ‘அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, முடிந்தால் வா.’ நீ வந்து, பாயில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகுதானே பெரியப்பா வாயைத் திறந்தார்? ஆபீஸ் நாற்காலி அதை உனக்கு மறக்கடித்துவிட்டதா? அச்சடித்த அட்டையில் லாங்வெல் செத்தார் என்று கிறுக்கிப் பெட்டியில் போட, அவர் என்ன தொலைந்துபோன ஆடா? தலைவர், “நலம்னு போடு, வேணும்னா நேர்ல வந்து கேக்கட்டும்” என்றார். எல்லோருக்கும் நலம் என்றே போட்டேன். நம் ஊரில் மட்டுமா? கரையோரம் முழுக்க அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

முந்தாநாள் உன் கடிதம் கையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட ‘நலம்’ பிளாண்டயர் வரை போய், நாற்பதாகிக் கப்பலேறி, எனக்கே ஆறுதலாகத் திரும்பி வந்திருக்கிறது. நாலு மாதம் அதைத் தலையணையாக வைத்துத் தூங்கினேன், தங்கச்சி. என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அவளிடம் சொன்னேன். சிரித்தாள். “அப்ப லாங்வெலும் நானும் ஒரே படகா?” என்றாள். இப்போது கஞ்சியும் வடிகட்டித்தான் இறங்குகிறது. பிளாண்டயருக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். என் பேச்சு எடுபடவில்லை. நீ ஏதாவது செய்.
சியுகெப்போ

*

பிளாண்டயர்
12 ஜூன்

என் அண்ணி லோனெஸுக்கு,

இது உங்களுக்கு மட்டும். அண்ணா வாசித்துக் காட்ட வேண்டாம், நீங்களே படிக்கத் தெரிந்தவர்.

நான் கொடுத்த நாற்பதைத் தூக்கி ஏரியில் போடுங்கள். அது கணக்கே இல்லை. பின்னே எத்தனை என்று கேட்டால், எனக்குத் தெரியாது. என்னிடம் இப்போது எந்த எண்ணும் இல்லை. தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் வார்டில் தினமும் பெயர் எழுதப் போகிறேன். கஞ்சி இறங்கும்போதே வருகிறவர்களுக்குக் குழாய் வைக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். எச்சில்கூட இறங்காத நிலையில் வருகிறவர்களைப் பார்த்து டாக்டர் கையைப் பிசைகிறார், அவர்கள் பட்டினியால் போகிறார்கள். நோய் போகும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பசியோடு போகவேண்டாம் என்று மட்டும் கெஞ்சுகிறேன்.

நீங்கள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், படகு கவிழ்ந்தபோது, நீந்தத் தெரியாத என்னை முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தீர்களே. அன்றைக்கு நான் கதறினேன், நீங்கள் விட்டீர்களா? “கத்துறதுக்கு மூச்சு இருக்குல்ல, கையை அடி!” என்றீர்கள். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறீர்களாம். ஏரிக்குப் பயப்படாதவள் ஒரு குழாய்க்குப் பயப்படுகிறாள் என்று சர்ச் பாட்டுக் குழுவுக்கே எழுதிப் போடுவேன். செய்யமாட்டேன் என்று நினைக்காதீர்கள்.

கையை அடியுங்கள், அண்ணி.
தவோங்கா

*

நிகாட்டா பே
23 ஜூன்

தங்கச்சி,

வெள்ளிக்கிழமைக் கப்பல். “பாட்டுக் குழுவுக்கு எழுதுவாளாமா? அவ வாயைக் கிழிக்கவாவது போகணும்” என்று மூட்டை கட்டுகிறாள். கோழித் துணியைத்தான் கட்டிக்கொண்டு வருகிறாள். நேற்றிலிருந்து தண்ணீரும் கஞ்சியைப் போலவே நின்று நின்றுதான் இறங்குகிறது. துறைக்கு வந்துவிடு. நாங்கள் நலமே என்று எழுத எனக்குக் கை வரவில்லை.
சியுகெப்போ

*

நிகாட்டா பே
30 ஆகஸ்ட்

அன்புத் தங்கச்சிக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். பிளாண்டயரில் நீ எங்களுக்காக ஓடிய ஓட்டத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. குழாய் வைத்த பிறகு முதல் தடவையாகப் பிசைந்த உருளைக்கிழங்கை அவள் சாப்பிட்டபோது நீ வார்டு வாசலில் நின்று அழுததை, “அவளுக்குத்தான் யாரோ குழாய் மாட்டிவிட்ட மாதிரி” என்று கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சொன்னபடி நிமிர்ந்து உட்காரவைத்தே தூங்கவைக்கிறேன். சாப்பிட்டதும் தண்ணீர் கொடுக்கிறேன். சர்ச்சுக்குப் போனாள், பாடவில்லை, உட்கார்ந்திருந்தாள்.

அவள் நலம்.
சியுகெப்போ

*

பிளாண்டயர்
6 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நான் நலம், நீங்கள் எப்படியோ? இதைக் கேட்கவே இப்போது பயமாக இருக்கிறது.

ஜூலையில் அச்சேறவேண்டிய அறிக்கை செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது; நீங்கள் ஊருக்குக் கிளம்பியதும் அதை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் போனேன். “அச்சுக்குப் போற நேரத்துல இது என்னம்மா கூத்து?” என்று எகிறினார். அட்டைக் கட்டை அவர் முன் போட்டு, “சார், உங்க ஊர்ல சாவை எழுதி அனுப்புவாங்களா?” என்று மட்டும் கேட்டேன். கட்டைப் பிரித்து ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினார். “எங்க அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலைன்னுதான் எனக்கும் எழுதினாங்க” என்றார். அன்றைக்கே வண்டி கொடுத்தார்.

ஊர் ஊராகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரித்தார்கள். ஒரு கிழவரிடம், “உங்க மகன் எப்படி இருக்கார்? நலம்னு அட்டை வந்துச்சே” என்றேன். “தண்ணியைக் குடி மகளே” என்றார். குடித்தேன். பிறகுதான் தோட்டத்து மூலையைக் காட்டினார். எனக்குத் தண்ணீர் கொடுக்காத வீடு எது என்று தேட ஆரம்பித்தேன், அண்ணா. அங்கேதான் ஆள் இருப்பார். அப்படிப்பட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் மண்ணுக்குள்.

போக முடியாத ஊர்களுக்கு நேராக ‘தெரியவில்லை’ என்று போடச் சொல்லிவிட்டேன். அச்சுக்கு வாங்கிக்கொள்கிற அதிகாரி, “பக்கம் பூரா தெரியலை தெரியலைன்னா அசிங்கமா இருக்கே” என்றார். “நாற்பதை நம்பி வீட்டுல படுத்திருந்தவங்க எங்க அண்ணி. அந்த அழகு போதும் சார்” என்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது எங்கள் பதிவகத்தில் ஒரு சட்டம். நேரில் பார்த்தவர்தான் உயிரோடு. அல்லது தன் கையாலேயே எழுதியவர். மற்றவர் சொல்லும் நலம் செல்லாது.

உன் ஆகஸ்டு கடிதத்தில் ‘அவள் நலம்’ என்று இருக்கிறது. அடியில் கிறுக்கல் இல்லை. அண்ணா, லாங்வெலுக்கும் நீ அதைத்தான் எழுதினாய். ஐந்து வாரமாக எனக்குத் தூக்கமில்லை. விடுமுறை கேட்டிருக்கிறேன். அதற்குள் என்னை ஏமாற்றாதே.
தவோங்கா

*

நிகாட்டா பே
9 நவம்பர்

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

உன் அண்ணிக்குக் கொஞ்சம் முடியவில்லை. முடிந்தால் வா.

எழுதிப் பார்த்ததும் அப்பாவுக்காக எழுதியதுதான் எனக்கே நினைவு வந்தது. ஆனால் இது நிஜமாகவே ‘கொஞ்சம் முடியவில்லை’தான்! சளி, காய்ச்சல். போன வாரம் குழாய் அடைத்துக்கொண்டது, மாவட்ட ஆஸ்பத்திரியில் சரிசெய்தார்கள். இளைத்திருக்கிறாள். உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள். இதை எந்த வார்த்தையில் எழுதினால் நீ நம்புவாய் என்று தெரியவில்லை. இருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் பொய்க்குச் செலவழித்துவிட்டேன். ஆகஸ்டில் அவள் எழுத மறுத்தாள், நான் வற்புறுத்தவில்லை. அதுவும் என் தப்பு. இதோ, பேனாவை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

ஏய் நாத்தனாரே, நான்தான். செத்துட்டேன்னு ஒப்பாரி வெச்சிட்டியா? கண்ணைத் துடை. ஆகஸ்ட்ல ஏன் எழுதலைன்னா, பழைய மாதிரி கிண்டலா எழுத வரலை, அழுகையா வந்துச்சு. அதை உனக்கு அனுப்ப வேண்டாம்னு விட்டேன். நீ அஞ்சு வாரம் தூங்காம கிடந்தேன்னு இவர் படிச்சுக் காட்டினப்புறம்தான் என் புத்திக்கு எட்டுச்சு.

கோழித் துணி கேவலமா இருக்கு. தினமும் அதைத்தான் கட்டுறேன்.

நேத்து இவருக்குத் தெரியாம கொண்டோவோலே ஒரு துளி நாக்குல வெச்சு, சப்பிட்டுத் துப்பிட்டேன். டாக்டர்கிட்ட சொன்னே, தொலைச்சிடுவேன். உடம்பு நாளுக்கு நாள் இறங்குது தவோங்கா, அது எனக்குத் தெரியும். ஆனா பசியில்ல. நீ சொன்ன அந்த வாக்கு பலிச்சிடுச்சு.

இனிமே மாசாமாசம் என் கையால ஒரு வரி வரும். நலமா இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும். இவர் எப்பவும் நலம்னுதான் எழுதுவார், பாவம், அவர் கை அப்படிப் பழகிடுச்சு. என் வரி வராத மாசம் இவர் கடுதாசிக்குக் காத்துக்கிட்டு உக்காராதே. கப்பல் ஏறிடு. வந்து, பாயில உக்காந்து, அவங்க கொடுக்குற தண்ணியைக் குடி.

இந்த மாசக் கணக்குல என்னைச் சேர்த்துக்கோ.
லோனெஸ்